நடுராத்திரியில் ‘டமார்’: தலைக்குள் கேட்கும் வெடிச்சத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் தடவை எனக்கு இது வந்தபோது நேராகச் சமையலறைக்கு ஓடினேன். சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். ரெகுலேட்டர் மூடியே இருந்தது. மேடையில் கவிழ்த்துவைத்த குக்கர் கவிழ்த்தபடி இருந்தது. வாசல் லைட்டைப் போட்டுப் பார்த்தால் தெருநாய்கள் சுருண்டு படுத்திருந்தன, ஒன்றுகூடக் குரைக்கவில்லை. திரும்பி வந்தால் வீட்டுக்காரர் அதே குறட்டையில் இருக்கிறார். அந்தக் குறட்டைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

நான்காவது தடவைக்கு அப்புறம் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தேன், பெயர் தெரிந்தது, பயம் போனது. ஒருநாள் அலுவலகத்தில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அன்றிலிருந்து ஆள்மாற்றி ஆள் வந்து காதோடு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் அவர்களுடைய அக்கா, மாமனார், ஹாஸ்டலில் இருக்கும் மகள். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அவற்றை அவரவர் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எனக்கு வந்ததையும், படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

இது என்னங்க, தலை வெடிக்கிற வியாதியா? பேரைக் கேட்டாலே கதிகலங்குதே!

பெயர் அப்படித்தான் வைத்துவிட்டார்கள். எக்ஸ்ப்ளோடிங் ஹெட் சிண்ட்ரோம். தமிழில் ‘வெடிக்கும் தலை நோய்க்குறி’ என்று எழுதுகிறார்கள். தலையில் எதுவும் வெடிப்பதில்லை. கண் செருகும் நேரத்திலோ, தூக்கம் கலையும் நேரத்திலோ, தலைக்குள் திடீரென்று ஒரு பெரிய சத்தம் கேட்கும். ஓரிரு நொடி. தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்காருவோம். அவ்வளவுதான் நோய்.

தூக்கத்தில் நடப்பது, தூக்கத்தில் அலறுவது, கெட்ட கனவு எல்லாம் சேர்ந்த ‘பாராசோம்னியா’ என்ற குடும்பத்தில் இதையும் மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயர் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது, மாற்ற வேண்டும் என்று மருத்துவர்களே சொல்லியிருக்கிறார்கள். ‘விட்டுவிட்டு வரும் தலை உணர்வு அதிர்ச்சி’ என்று பொருள்படும் ஒரு பெயரையும் முன்மொழிந்தார்கள். அது யார் வாயிலும் ஒட்டவில்லை.

என்ன மாதிரி சத்தம்? எனக்கு இரும்புக் கதவை அறைஞ்ச மாதிரி இருந்துச்சு, இதுவும் அதுதானா?

அதுவாக இருக்கலாம். ஆளுக்கு ஆள் சத்தம் மாறும். துப்பாக்கி சுட்டது போல, இடி விழுந்தது போல, கதவை அறைந்தது போல, கண்ணாடி நொறுங்கியது போல, யாரோ ஒரு வார்த்தை கத்தியது போல. எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு அண்ணனுக்கு லட்சுமி வெடி. மாடி வீட்டு அக்காவுக்கு, பரணிலிருந்து அண்டா விழுவது. ஒரே ஆளுக்கே சில சமயம் சத்தம் மாறி வரும்.

சத்தத்தின் ரகம் முக்கியமில்லை. எதிர்பாராமல் வருகிறதா, தூக்கத்தின் வாசலில் வருகிறதா, உடனே விழிப்பு வந்துவிடுகிறதா, வலி இல்லாமல் இருக்கிறதா? மருத்துவர் பார்ப்பது இவற்றைத்தான்.

வலி இல்லைன்னா சொல்றீங்க? எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டுதே, வேர்த்துப் போச்சே!

அது பயத்தால் வந்த படபடப்பு. பக்கத்தில் நிஜமாகவே வெடி போட்டாலும் அப்படித்தான் அடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். சிலருக்குச் சத்தம் வந்த கணத்தில் ‘சுருக்’ என்று லேசாக ஏதோ தெரியும். ஆனால் தலையைப் பிடித்துக்கொள்கிற வலி இந்த நோயில் கிடையாது. தலைவலி வந்திருந்தால் அது வேறு விஷயம், ஸ்கேன் கேள்விக்குப் போங்கள்.

பக்கத்துல படுத்திருக்கிறவருக்குக் கேக்கவே கேக்காதா?

கேட்காது. காற்றில் சத்தமே இல்லை. செல்போனை ரெக்கார்டிங்கில் போட்டு வைத்தாலும் எதுவும் பதிவாகாது. நான் நான்கு ராத்திரி வைத்துப் பார்த்தேன். மின்விசிறியும் குறட்டையும்தான் பதிவாகியிருந்தன.

ஆனால் ‘நிஜச் சத்தமில்லை’ என்பதை ‘பொய் சொல்கிறாள்’ என்று எடுத்துக்கொள்பவர்கள் வீட்டில் இருப்பார்கள். காது எப்போதுமே சத்தத்தை மூளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது, கேட்பது மூளைதான். இங்கே காதின் உதவி இல்லாமலே மூளை கேட்டுவிடுகிறது. கேட்டவருக்கு அது முழுச் சத்தம்.

சரி, எதனால வருது?

உறுதியான காரணம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆய்வாளர்கள் அதிகம் ஏற்பது இந்த விளக்கத்தை: நாம் தூங்கப் போகும்போது மூளை ஒரே சுவிட்சில் அணைவதில்லை. அசைவு, பார்வை, கேட்கும் சக்தி என்று ஒவ்வொரு பகுதியாக அடங்குகிறது. இதை மேற்பார்க்கும் வேலை மூளைத்தண்டில் உள்ள ‘ரெட்டிகுலர் ஃபார்மேஷன்’ என்ற நரம்புப் பின்னலுக்கு. அதில் கொஞ்சம் தாமதமோ தடுமாற்றமோ வந்தால், அடங்க வேண்டிய, சத்தம் கேட்கும் நரம்புகள் ஒரே நேரத்தில் துள்ளிவிடுகின்றன. அதைத்தான் சத்தமாகக் கேட்கிறோம்.

கோயில் திருவிழா முடிந்ததும் மைக்செட்காரர் வால்யூமைக் குறைக்காமல் ஆம்ப்ளிஃபையரை அணைப்பார், ஸ்பீக்கரில் ‘டொப்’ என்று ஒரு சத்தம் வரும் இல்லையா? பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, அணைக்கிறபோது வருகிற சத்தம். கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நடுக்காதில் உள்ள உறுப்புகள் திடீரென்று அசைவதால் என்றும், மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் சிறு வலிப்பு என்றும் வேறு கருத்துகள் உண்டு. அவற்றுக்கு ஆதாரம் குறைவு.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன் பாக்குறதாலதான் இந்தப் புது வியாதியெல்லாம்னு மாமியார் சொல்றாங்களே, நிஜமா?

புது வியாதி இல்லை. 1876-லேயே அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவர் எழுதிய இரண்டு ஆண்களில் ஒருவருக்கு மணியோசை, இன்னொருவருக்குத் துப்பாக்கிச் சத்தம். 1920-இல் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் ஜோன்ஸ் என்ற மருத்துவர், மூளை ‘படீர்’ என்று அறுபடுவது போன்ற உணர்வு என்று எழுதினார். இப்போதுள்ள பெயரைப் பரப்பியவர் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் ஜே. எம். எஸ். பியர்ஸ். 1988-இல் சிறு குறிப்பாக எழுதினார், மறு வருடமே 50 பேரின் அனுபவத்தைத் தொகுத்து வெளியிட்டார்.

இன்னும் பின்னால் போனால் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த் இருக்கிறார். 1619 நவம்பர் 10 இரவு அவருக்கு மூன்று கனவுகள் வந்தன. இரண்டாவதில் இடி போல ஒரு சத்தம், கண் விழித்தால் அறை முழுக்கத் தீப்பொறிகள். அது கனவாக இல்லாமல் இந்தத் தலைவெடிப்பாகவே இருந்திருக்கலாம் என்று 2018-இல் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. நானூறு வருடம் கழித்து நோய் கண்டுபிடிப்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் செல்போன் இல்லை என்பது நிச்சயம்.

போன் பார்ப்பதால் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் இது அடிக்கடி வரலாம். உங்கள் மாமியார் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

எனக்கு மட்டும்தான் இப்படியா? வெளிய சொல்லவே வெக்கமா இருக்கு.

எல்லோரும் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பதால்தான் இது அரிய நோய் போலத் தெரிகிறது. அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர் பிரையன் ஷார்ப்லெஸ் 211 கல்லூரி மாணவர்களிடம் நேரில் விசாரித்தார். 2015-இல் முடிவு வெளியானது. 18 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதை அனுபவித்திருந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருவது என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. அது மாணவர்களிடம் எடுத்த கணக்கு, ஊர் மொத்தத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் ஒன்பது பேர். என்னையும் சேர்த்து மூன்று பேருக்கு வந்திருந்தது.

இது அமுக்குவான் பேய்தானே? எங்க பாட்டிக்கும் வரும்.

பக்கத்து வீடு, அதே வீடு இல்லை. அமுக்குவான் பேய் என்று நாம் சொல்வது தூக்க முடக்கம். முழிப்பு வந்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும், கூப்பிட நினைத்தால் குரல் வராது. கனவுத் தூக்கத்தில் உடம்பு அசையாமல் இருக்கப் போட்ட பூட்டு, நாம் விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கழலாமல் நிற்பதால் வருவது அது.

தலைவெடிப்பில் உடம்பு அசையும், எழுந்து ஓடலாம், என்னைப் போலச் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு வருவது உண்டு. மேலே சொன்ன மாணவர் ஆய்விலும், தூக்க முடக்கம் வந்தவர்களிடம் தலைவெடிப்பும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. தலைமாட்டில் துடைப்பத்தையோ இரும்பையோ வைத்துக்கொண்டால் உங்களுக்குத் தைரியம் வருகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை.

படியில கால் தவறின மாதிரி தூக்கிப் போடுமே, அதுவும் இதுவும் ஒண்ணா?

அது தூக்கத் துள்ளல். அங்கே தசை துள்ளுகிறது, இங்கே சத்தம் கேட்கும் நரம்பு துள்ளுகிறது. இரண்டும் அதே கண் செருகும் நேரத்தில் வருவதால், மேலே சொன்ன ‘அணைக்கிறபோது வரும் தடுமாற்றம்’ என்ற விளக்கம் இரண்டுக்குமே பொருந்துகிறது.

சத்தத்தோட கண்ணுல பளிச்சுன்னு மின்னல் அடிச்சுது. கண்ணுல ஏதாவது கோளாறா?

சத்தத்தோடு வெளிச்சமும் வருவதாகச் சிலர் சொல்கிறார்கள். தெக்கார்த்தின் தீப்பொறியைக் கட்டுரைக்காரர் பிடித்துக்கொண்டதும் அதனால்தான். உடம்பில் கரண்ட் ஓடியது போலவோ, சூடு ஏறியது போலவோ, ஒரு கணம் மூச்சு நின்றது போலவோ சொல்பவர்களும் உண்டு. இவை தூக்கத்தின் வாசலில், சத்தத்தோடு வந்து போனால் பயப்பட வேண்டாம். பகலிலும் கண்ணில் மின்னல் அடித்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று அதிகமானாலோ கண் மருத்துவரிடம் அன்றே போங்கள், அது விழித்திரைப் பிரச்சினையாக இருக்கலாம்.

மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்குமோ? ஸ்கேன் எடுத்துடலாமா?

எல்லோரும் கேட்பது இது. நானும் அந்த ராத்திரி இதைத்தான் நினைத்தேன். ரத்தக்குழாய் வெடித்தால் பெரும்பாலும் முதலில் தெரிவது வலி. வாழ்நாளில் அப்படி ஒரு தலைவலி வந்ததில்லை என்று சொல்லும்படி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி. கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், மயக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது. இதில் எது இருந்தாலும் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சத்தம் மட்டும் கேட்டது, வலி இல்லை, ஐந்து நிமிடத்தில் நன்றாக இருக்கிறேன் என்றால் அது வேறு கதை. பெரும்பாலும் மருத்துவர் கேள்விகள் கேட்டே முடிவுக்கு வந்துவிடுவார். என்னை ஒருவர் முதலில் நேராக எம்ஆர்ஐ எடுக்க அனுப்பினார். எடுத்தேன், ஒன்றுமில்லை. அந்தப் பணத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரியும். அதற்காக உங்கள் மருத்துவர் ஸ்கேன் கேட்டால் மறுக்கச் சொல்லவில்லை, எதைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

வலிப்பா இருக்குமோன்னு பயமா இருக்கு.

நியாயமான சந்தேகம். ராத்திரியில் மட்டும் வரும் வலிப்பு உண்டு. வித்தியாசம் காட்டும் அடையாளங்கள்: கை கால் வெட்டி இழுப்பது, நாக்கைக் கடித்துக்கொள்வது, படுக்கையில் சிறுநீர் போய்விடுவது, எழுந்த பிறகு கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் விழிப்பது, ஒவ்வொரு தடவையும் அச்சடித்தது போல ஒரே மாதிரி நடப்பது. இவற்றை நாமே கவனிக்க முடியாது, பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். குறட்டை விடுபவரை அதற்காகவாவது ஒருநாள் எழுப்பலாம்.

பகல்லயும் குரல் கேக்குது, இதுவும் தலைவெடிப்புதானா?

இல்லை. தலைவெடிப்பு தூக்கத்தை ஒட்டி மட்டும்தான் வரும். பகலில், நன்றாக விழித்திருக்கும்போது குரல் கேட்டால், அது உங்களோடு பேசினால், திட்டினால், ஏதாவது செய்யச் சொன்னால், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவும் சிகிச்சை உள்ள நோய்தான். அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். காதில் எந்நேரமும் ‘ஙொய்’ என்ற இரைச்சல் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

தலைவெடிப்பு வருவதால் பைத்தியம் பிடிக்கும் என்று யாராவது சொன்னால், பதில்கூடச் சொல்ல வேண்டாம், எழுந்து போய்விடுங்கள்.

மாத்திரை இருக்கா?

இதற்கென்றே கண்டுபிடித்த மாத்திரை இல்லை. க்ளோமிப்ரமின், டோபிராமேட், நிஃபெடிபின், ஃப்ளூனரிசின் போன்றவை சிலருக்கு உதவியதாக மருத்துவர்கள் தனித்தனி நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு டோபிராமேட் கொடுத்ததில் சத்தம் நிற்கவில்லை, ஆனால் பெரிய வெடி மெல்லிய ரீங்காரமாகக் குறைந்தது. எல்லாம் ஒன்றிரண்டு பேரை வைத்துச் சொன்னவை, நூறு பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்த சோதனை எதுவும் நடக்கவில்லை. மெடிக்கலில் பெயரைச் சொல்லி வாங்கிப் போடுகிற ரகமும் இல்லை இவை, ஒவ்வொன்றுக்கும் பக்கவிளைவு உண்டு.

எனக்குத் தந்த மருந்து இரண்டு நிமிடப் பேச்சுதான். ‘இதற்குப் பெயர் இருக்கிறது, நிறைய பேருக்கு வருகிறது, உயிருக்கு ஒன்றும் ஆகாது’ என்றார் மருத்துவர். அதற்கு அப்புறம் அடுத்தது வர ஏழு வாரம் ஆனது. முன்பெல்லாம் வாரம் ஒன்று வரும். விவரம் தெரிந்ததும் பலருக்குக் குறைந்துவிடுவதாக மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

தூக்க மாத்திரையைப் பட்டுன்னு நிறுத்தினேன், அதுலேர்ந்துதான் ஆரம்பிச்சுது. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். சில தூக்க, பதற்ற மாத்திரைகளையும் மனச்சோர்வு மாத்திரைகளையும் திடீரென்று நிறுத்தியபோது தலைவெடிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே திரும்பப் போங்கள், படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார். பயத்தில் நீங்களாகவே மறுபடி பழைய அளவில் ஆரம்பிக்க வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் நிஜ வலிப்பே வரக்கூடிய மாத்திரைகள் இதில் இருப்பதால், இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது.

அப்போ நாம என்னதான் பண்றது?

தூக்கம் கெட்டிருக்கும் நாட்களிலும் மனக்கவலை கூடிய நாட்களிலும் இது அதிகம் வருவதாகப் பெரும்பாலோர் சொல்கிறார்கள். எனவே முதல் வேலை தூக்கத்தைச் சரிசெய்வது. ஒரே நேரத்தில் படுப்பது, சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ இல்லை, ராத்திரி ஷிஃப்ட் மாறிமாறி வந்தால் மேலாளரிடம் பேசிப் பார்ப்பது. மல்லாந்து படுக்கும்போதுதான் வருகிறது என்று தோன்றினால் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள்.

ஒரு நோட்டில் தேதி, மணி, அன்று எத்தனை மணி நேரம் தூக்கம், என்ன மாத்திரை என்று மட்டும் குறியுங்கள். என் நோட்டைப் பார்த்தபோது பாதிக்கு மேல் மாதக்கடைசியில் இருந்தது. மாதக்கடைசியில் கணக்கு முடிக்க ராத்திரி பத்து வரை அலுவலகத்தில் இருப்பேன். அப்புறம், வந்த உடனே எழுந்து வீட்டைச் சுற்றாதீர்கள். ‘ஓ, அதுவா’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுங்கள். முதல் பத்து தடவை அது முடியாது, தெரியும்.

எந்த டாக்டர்கிட்ட போகணும்? போய் என்ன சொல்றது?

முதலில் குடும்ப மருத்துவர், தேவைப்பட்டால் நரம்பியல் மருத்துவர். ‘தலை வெடிக்கிறது’ என்று ஆரம்பித்தால் அவர் தலைவலி மாத்திரையில் போய் நிற்பார். ‘தூங்கப் போகும்போது வலியில்லாமல் ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது, உடனே முழித்துவிடுகிறேன்’ என்று சொல்லுங்கள். நோட்டைக் கொடுங்கள். மாதம் ஒன்றிரண்டு வந்து போகிறது, மற்றபடி சுகம் என்றால் போக வேண்டிய கட்டாயம்கூட இல்லை. தூக்கத்துக்கே பயந்து படுக்காமல் இருக்கிறீர்கள் என்றால் கட்டாயம் போங்கள்.

தூக்க லேபில் படுக்கவெச்சு டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடுமா?

அன்று ராத்திரி வந்தால் தெரியும், அது வர வேண்டுமே! ஸ்வீடனில் 1991-இல் சிலரை அப்படிப் படுக்கவைத்துப் பதிவு செய்தார்கள். சத்தம் கேட்டதாக அவர்கள் சொன்ன நேரத்தில், அவர்கள் விழிப்போடு தளர்வாகப் படுத்திருந்ததாகப் பதிவு காட்டியது. பொதுவாக இந்த டெஸ்ட் எடுப்பது வேறு நோய் இல்லையென்று உறுதி செய்ய. மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, வலிப்புச் சந்தேகம் இருந்தால் சொல்வார்கள். தலைமுடி முழுக்கப் பசை ஒட்டியிருக்கும், மறுநாள் சீயக்காய் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று போய்வந்தவர் சொன்னார்.

யாரோ மெஷின் வெச்சு நம்ம தலைக்குள்ள சத்தம் அனுப்புறாங்கன்னு மாமா சத்தியம் பண்றார். ஏவலாவும் இருக்கலாமாம்.

காரணம் தெரியாத சத்தம் கேட்டால் மனசு ஒரு காரணத்தைத் தேடிப் பிடிக்கும். இங்கே ஏவல், வெளிநாட்டில் ரகசிய ஆயுதம். 1876-இல் மணியோசை கேட்டவருக்கு அனுப்ப எந்த மெஷினும் இருந்ததில்லை. மாமாவோடு சண்டை போடாமல், எப்போதெல்லாம் வருகிறது என்று கேளுங்கள். தூக்கத்தை ஒட்டி மட்டும் என்றால் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். பகல் முழுக்க அதே பேச்சு, அக்கம்பக்கத்தார் மேல் சந்தேகம் என்றால், மேலே குரல் கேட்பது பற்றிய பதிலில் உள்ள எண்ணைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் சரி. நிஜமாவே ஏதாவது வெடிச்சிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போன ஆடி மாதம் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு ‘டமார்’. நான் கற்றுக்கொண்டபடி ‘ஓ, அதுவா’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். இடுப்பில் ஒரு குத்து. ‘அடியே, கார் ஷெட் மேல தேங்காய் விழுந்திருக்கு, எழுந்து லைட்டைப் போடு’ என்று வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். வெளியே தெருநாய்கள் எல்லாம் குரைத்துக்கொண்டிருந்தன. அதிலிருந்து, நான் முதலில் கவனிப்பது நாய்களைத்தான்.